கவைமனத்தின் கணக்கு

(தாயக்கட்டத்தில் காய் நகர்த்தும் கலை குறித்த உரை)



‘காய் நகர்த்துதல்’ என்னும் தொடர் இன்று நல்ல பொருளில் வழங்குவதில்லை. தேர்தல் காலத்துச் செய்தித்தாளைப் புரட்டினால், ஒருவர் மறைவில் சூழ்ச்சி செய்கிறார் என்பதைச் சுட்டவே அத்தொடர் ஆளப்படுகிறது. ஆனால் விளையாட்டில் காயை நகர்த்துபவர் மறைவாக எதையும் செய்வதில்லை. பலகை திறந்து கிடக்கிறது. விழுந்த எண்ணை எல்லோரும் காண்கின்றனர். நகர்ந்த காயையும் எல்லோரும் காண்கின்றனர். மறைந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். ‘இந்தக் காயா, அந்தக் காயா’ என்று ஆடுபவர் தம் நெஞ்சுக்குள் நிறுத்துப் பார்க்கும் செயலே அது. அச்செயலின் இயல்பை ஆராய்வதும், அது கவிஞர்க்கு எவ்வாறு பயன்படும் எனக் காண்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

1. மன்றத்தில் விழுந்த குழி

தமிழில் இவ்வாட்டத்தின் தொன்மைக்கு இலக்கணமே சான்று. ‘வல்’ என்னும் சொல் பிற சொற்களோடு புணரும் முறைக்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் விதி கூறுகிறார். ‘நாய்’, ‘பலகை’ என்னும் இரு சொற்களும் அதனோடு வந்து சேரும்போது நிகழும் மாற்றத்திற்கெனத் தனியே நூற்பா செய்கிறார். வல்லுநாய், வல்லநாய் என்றும், வல்லுப்பலகை, வல்லப்பலகை என்றும் வரும் வடிவங்கள் அவ்விதியால் அமைந்தவை. ஈண்டு நாய் என்பது விலங்கன்று. பலகையில் வைத்தாடும் காய். ஆடுகாய்க்கும் ஆடுபலகைக்கும் புணர்ச்சி விதி வகுக்க வேண்டிய அளவுக்கு அச்சொற்கள் மக்கள் நாவில் பயின்றிருந்தன என்பது இதனால் பெறப்படும்.

சங்கப் பாடல்கள் இரண்டு இவ்வாட்டத்தின் உள்ளியல்பைக் காட்டுகின்றன. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடிய புறப்பாட்டு (52) ஒன்று, மக்கள் விட்டகன்ற ஊர்ப் பொதியிலைக் காட்டுகிறது. நரைத்த முதியவர்கள் வல்லாடிய இடத்தில், காயை இட்டு இட்டுத் தரை குழிந்து கிடக்கிறது. அக்குழிகளில் இப்பொழுது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. தரை குழிந்தது கவறு உருண்டதனால் அன்று, காய் வைத்ததனால் என்பது நோக்கத்தக்கது. புலவரின் கண் சென்று நின்ற இடம், மனிதர் முடிவெடுத்து முடிவெடுத்துத் தேய்த்த இடம்.

மற்றொன்று அகநானூற்றுப் பாலைப்பாட்டு (377). அங்கும் முதியவர்கள், அங்கும் பாழ்பட்ட மன்றம். தலை நடுங்கக் குனிந்திருந்து அவர்கள் ஆடிய வல்லின் அழகைக் கரையான் அரித்துவிட்டது. அவர்கள் ஆடியபோது இருந்த மனத்தைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் ‘கவைமனம்’ என்பது. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. இப்படியா, அப்படியா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் மனமே கவைமனம். காய் நகர்த்தலுக்கு முந்திய அந்த ஒரு நொடியை இதனினும் செறிவாகச் சொல்லும் சொல் அரிது.

2. உருட்டல் மேலோங்கியது

பின்னைய இலக்கியத்தில் காய் வைத்தல் மங்கி, கவறு உருட்டலும் பணயமும் மேலோங்கின. இதன் தொடக்கத்தைக் கலித்தொகையிலேயே காணலாம். தலைவன் அருளிய காலத்துத் தலைவி அடைந்த மகிழ்ச்சியைப் ‘பத்து’ என்னும் பேரெண் பெற்றவன் மனத்தோடும், அவன் நீங்கிய காலத்துத் துயரைச் சிற்றெண் விழப் பெற்றவன் மனத்தோடும் நெய்தற்கலி ஒப்பிடுகிறது. உவமை அழகியது, ஆயினும் அங்குப் பேசுவது எண் மட்டுமே. திருவள்ளுவர் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில் கண்டிப்பதும் உருளும் கவற்றையும், அதன்வழி வரும் பொருளை நம்பிக் கிடப்பதையும், சூதாடு களத்தில் காலம் கழிப்பதையுமே ஆகும். அக்களத்தை அவர் ‘கழகம்’ என்று குறிக்கிறார். அதே சொல்லைக் கலை பயிலும் இடத்திற்குக் கம்பர் ஆண்டிருப்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரு கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதே அச்சொல்லின் தகுதியை உறுதிசெய்கிறது.

பாரதியார் பாஞ்சாலி சபதத்தில், சூதாடுவோர் காயை உருட்டுவதாகவே பாடுகிறார். அங்குக் காய் என்பது நகர்வது அன்று, உருள்வது. தருமன் ஒன்றன்பின் ஒன்றாகப் பணயம் வைக்கிறான், எண் விழுகிறது, அவன் தோற்கிறான். எந்தக் காயை எங்கே வைப்பது என்று அவன் ஓரிடத்தும் நின்று எண்ணுவதில்லை. எண்ணுதற்கு அங்கு இடமே இல்லை என்பதுதான் அச்சூதின் கொடுமை.

எண்ணும் கலையால் சூதின் கொடுமையிலிருந்து மீண்டவன் ஒருவன் உண்டு. அவன் நளன். மகாபாரதத்து நளன் கதையில், நாடிழந்து தேரோட்டியாய் வாழும் அவனுக்கு இருதுபன்னன், தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்கிறான். நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்து, அது சரி என்று கண்டு, அவ்வித்தையைக் கற்றுக்கொள்கிறான். தான்றிக்காய் பழங்காலத்தில் கவறாகப் பயன்பட்ட காய். கலி நீங்கியதும் எண்ணறிவு வந்ததும் ஒரே இடத்தில் நிகழ்ந்ததாகக் கதை அமைந்திருப்பது பொருள் நிறைந்தது.

3. மூவகை ஆட்டம்

தமிழர் திண்ணைகளில் ஆடிய பலகை ஆட்டங்களை மூவகையாகப் பகுக்கலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்போர் ஆடும் பரமபதம் ஒருவகை. அதில் ஒருவருக்கு ஒரு காயே உண்டு. எண் விழுந்தபடி ஏணியில் ஏறுவதும் பாம்பில் இறங்குவதும் அன்றி ஆடுபவர் தேர்வதற்கு ஒன்றுமில்லை. ஆடுபுலி ஆட்டம் மற்றொரு வகை. 3 புலிகளும் 15 ஆடுகளும் கொண்ட அவ்வாட்டத்தில் உருட்டுவதற்கு ஒன்றுமில்லை; எல்லாம் தேர்வே. இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பது தாயம். எண்ணைத் தருவது கட்டை. காயைத் தேர்வது ஆள். மனித வாழ்வுக்கு இம்மூன்றில் மிக அணுக்கமானது இதுவே எனலாம்.

இந்த நடுவகை ஆட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 24 மனைகள் கொண்ட பலகையில், ஒருவர்க்கு 15 காய்களாக, ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி ஆடப்படும் பேக்கமன் என்னும் ஆட்டம் இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் பாரசீக முன்னோடியாகிய நர்து பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. இந்திய மன்னன் ஒருவன் சதுரங்கப் பலகையை அனுப்பி அதன் விதியைக் கண்டறியுமாறு அறைகூவ, பாரசீக அமைச்சன் புசுர்க்மிகர் அதைக் கண்டறிந்ததோடு, விடையாக நர்து ஆட்டத்தையும் படைத்து அனுப்பினானாம். அதன் 30 காய்கள் திங்களின் நாள்களைக் குறிக்கும் என்பது அக்கதை தரும் விளக்கம். அறிவுக்கு விடையாக ஊழையும் சேர்த்து அனுப்பியது அக்கதையின் நுட்பம்.

4. கட்டையின் இயல்பு

காயை எடைபோட முற்படுபவர் முதலில் கட்டையின் இயல்பை அறிய வேண்டும். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றும் நீண்டு நான்கு முகம் கொண்டது. கீழடியில் 2022இல் எட்டாம் கட்ட அகழாய்வில் கிடைத்த தந்தப் பகடையும் இவ்வாறு நீள்செவ்வக வடிவினதே. முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் புள்ளிகளும், ஒரு முகத்தில் வெறுமையும் இருக்கும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடிய வகைகள் 16.

அவற்றுள் மூன்று விழும் வகைகள் 4. இரண்டு விழுவன 3; நான்கு விழுவன 3. ஒன்று, அதாவது தாயம், விழுவன 2. ஐந்து விழுவனவும் 2. ஆறு விழுவது ஒரே வகை. இரு கட்டையும் வெறுமை காட்டினால் பன்னிரண்டு. அதுவும் ஒரே வகை. ஆகவே எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னே நிற்கும் காய்க்கே ஆபத்து மிகுதி. ஆறு கட்டம் முன்னே நிற்பது, ஒரே வீச்சைக் கருதும்போது, நான்கில் ஒரு பங்கு ஆபத்தே உடையது. தாயம் விழுந்தால்தான் காய் பலகையில் இறங்கும் என்பதால், வெட்டுண்ட காய் மீள்வதற்குச் சராசரியாக 8 வீச்சுகள் காத்திருக்க வேண்டும்.

பேக்கமனிலோ நிலைமை தலைகீழ். அதில் வீச்சு வகைகள் 36. இரு பகடையின் எண்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் ஆடலாம். ஆறு மனை தொலைவில் நிற்கும் ஒற்றைக் காயை வெட்டும் வீச்சுகள் 17. ஏழு மனை தொலைவில் நின்றால் 6. தாயத்தில் நிழலாய் இருந்த ஆறு, பேக்கமனில் கொதிக்கும் வெயிலாகிவிடுகிறது. ஒரு பலகையில் கற்ற பழமொழியை மறு பலகைக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

5. ஒரு நிலை

ஐந்துக்கு ஐந்தாகக் கோடிட்ட தாயக்கட்டத்தை மனக்கண்ணில் கொள்க. வெளிச்சுற்றில் 16 கட்டம், உட்சுற்றில் 8, நடுவில் 1. ஒவ்வொரு பக்கத்தின் நடுக்கட்டமும் குறுக்குக் கோடிட்டது. அங்கு நிற்கும் காயை வெட்ட இயலாது. எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து இருவர் ஆடுகின்றனர். எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டினாலன்றி உட்சுற்றில் நுழைய இயலாது என்பதும், வெட்டியவருக்கு மறுவீச்சு உண்டு என்பதும் பல ஊர்களின் விதி.

ஆடுபவருக்கு இரு காய்கள் இறங்கியுள்ளன. மூத்த காய் 10 கட்டம் நடந்திருக்கிறது. அதற்கு இரண்டு கட்டம் பின்னே எதிரியின் காய் ஒன்று அப்பொழுதுதான் இறங்கித் தன் நடுக்கட்டத்தில் நிற்கிறது. ஆடுபவரின் இளைய காய் ஒரே கட்டம் நடந்தது. அதற்கு இரண்டு கட்டம் முன்னே, 11 கட்டம் நடந்து வந்த எதிரியின் மற்றொரு காய் காப்பின்றி நிற்கிறது. இதுவரை யாரும் யாரையும் வெட்டவில்லை. இப்பொழுது இரண்டு விழுகிறது.

மூத்த காயை நகர்த்தினால் அது குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் ஏறிக் காப்படையும். இளைய காயை நகர்த்தினால் எதிரியின் காய் வெட்டுப்படும். எதைச் செய்வது? ‘பாடுபட்டு வந்த காயை முதலில் காப்பாற்று’ என்றே திண்ணையில் பலரும் குரல் கொடுப்பர். கணக்கு வேறு சொல்கிறது. மூத்த காயை அங்கேயே விட்டால் அடுத்த வீச்சில் அது வெட்டுப்படும் வகைகள் 16இல் 3. மறுவீச்சினால் இது சிறிது கூடலாம். இழப்பு 10 கட்டம். பதினாறு முறைக்கு மொத்தம் 30 கட்டம். ஒரு முறைக்கு இரண்டுக்கும் குறைவு. இளைய காய் வெட்டினாலோ எதிரி இழப்பது உறுதியாக 11 கட்டம். அதோடு உட்சுற்றின் கதவு திறக்கிறது. மறுவீச்சில் மீண்டும் இரண்டு விழுந்தால் மூத்த காயும் காப்படையும். வெட்டுவதே தக்கது என்பதில் ஐயமில்லை.

இதே பலகையில் சிலவற்றை மாற்றிப் பார்க்கலாம். வெட்டுப்படும் காய் 11 கட்டத்திற்கு மாறாக இரண்டே கட்டம் நடந்ததாய் இருக்கட்டும். உட்சுற்றின் கதவும் முன்பே திறந்திருக்கட்டும். அப்பொழுது ஆதாயம் இரண்டு, அச்சம் ஏறத்தாழ இரண்டு. தராசின் முள் நடுவில் வந்து நிற்கும். கவைமனம் பிறக்கும் இடம் அதுவே.

6. வள்ளுவர் தரும் நான்கு அளவைகள்

சூதைக் கடிந்த வள்ளுவரே, காய் நகர்த்துவோர்க்கு மிகச் சிறந்த அளவைகளையும் தந்திருக்கிறார் என்றால் வியப்பாகத் தோன்றலாம். பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துக் கற்றால் இது புலனாகும்.

தெரிந்துசெயல்வகையின் முதற்குறள் மூன்றை எண்ணச் சொல்கிறது: அழிவது எது, ஆவது எது, அதன் வழியே பின்னர் வரும் ஊதியம் எது. மேற்காட்டிய நிலையில் அழியக்கூடியது மூத்த காயின் நடை. ஆவது எதிரியின் பின்னடைவு. பின்வரும் ஊதியம் திறந்த கதவு. மூன்றாவதை மறப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. ஆக்கத்தை விரும்பி முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் எச்சரிக்கையும் அவ்வதிகாரத்தில் உண்டு. அதனால் எது முதல், எது ஆக்கம் என்பதையும் ஒவ்வொரு வீச்சிலும் புதிதாக எண்ண வேண்டியிருக்கிறது.

வலியறிதல், வினையின் வலியோடு தன் வலியையும் மாற்றான் வலியையும் துணையின் வலியையும் தூக்கச் சொல்கிறது. எதிரியின் காய்கள் எல்லாம் இன்னும் தாயத்திற்குக் காத்திருந்தால், வெட்டவெளியில் நிற்கும் காய்க்கும் அச்சமில்லை. காலமறிதல், கொக்கு ஒடுங்கியிருப்பதையும் அது குத்துவதையும் ஒரே குறளில் வைத்துக் காட்டுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெட்டுண்டால் இழப்பு சிறிது. துணிவுக்கு அது காலம். பழுக்க இரண்டு கட்டமே இருக்கையில் வெட்டுண்டால் இழப்பு பெரிது; ஒடுங்குவதற்கு அது காலம். இடனறிதல், ஆழநீரில் வெல்லும் முதலை நீரை விட்டு வெளியேறினால் பிறவற்றால் வெல்லப்படும் என்கிறது. குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் நிற்கும் காயும் அத்தகையதே. அது தான் காப்படைவதோடு, தன்னைக் கடந்து செல்லும் காய்களுக்கு அச்சமாகவும் நிற்கிறது. ஒரு கட்டம் முன்னேறினால் அவ்விரு வலியும் போய்விடும்.

சூதைக் கண்டிப்பதும் நகர்வுக்கு அளவை தருவதும் முரணாகுமா? ஆகாது. சூது என்பது விழும் எண்ணின் மேல் பொருளை வைப்பது. நகர்வு என்பது விழுந்த எண்ணின் மேல் அறிவை வைப்பது. முன்னது ஊழிடம் கையேந்துகிறது. பின்னது ஊழ் தந்ததைக் கொண்டு செய்யத்தக்கதைத் தேடுகிறது.

7. முடிவும் முடிபும்

நல்ல நகர்வு நல்ல முடிவையே தரும் என்று கூற இயலுமா? 1979ஆம் ஆண்டு மாண்டி கார்லோவில் நடந்த ஆட்டம் இதற்கு விடை தருகிறது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஹான்ஸ் பெர்லினர் உருவாக்கிய நிரல், பேக்கமன் உலக வாகையராகிய லூய்ஜி வில்லாவை 7க்கு 1 என்னும் கணக்கில் வென்றது. கணினி மனித வாகையரை வென்றதென உலகம் வியந்தது. பின்னர் ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாக ஆராய்ந்த பெர்லினர், நுட்பமாக ஆடியவர் வில்லாவே என்றும், பகடை நிரலுக்குத் துணைநின்றது என்றும் வெளிப்படையாக எழுதினார். வென்றவரின் ஆசிரியரே தோற்றவரின் நகர்வுகள் மேலானவை என்று சான்றளித்தது அரிய நேர்மை.

அதன்பின் 1992இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஜெரால்டு டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்னும் நிரல், தன்னோடு தானே இலட்சக்கணக்கான முறை ஆடிக் கற்றது. ஆட்டத் தொடக்கத்தில் நான்கும் ஒன்றும் விழுந்தால், ஒன்றைக் கொண்டு தன் ஐந்தாம் மனையில் ஒற்றைக் காயைத் துணிந்து வைப்பதே அறிஞர் பலர் கைக்கொண்ட மரபு. அக்காயை வெட்டும் வீச்சுகள் 36இல் 15. நிரலோ அதைத் தவிர்த்து, எதிரியின் பகுதியில் பின்தங்கி நின்ற இரு காய்களுள் ஒன்றை ஒரு மனை நகர்த்துவதையே விரும்பியது. அறிஞர்கள் சினக்கவில்லை; தாங்களும் ஆடிப் பார்த்தனர்; மரபை மாற்றிக்கொண்டனர். மரபு என்பதும் முன்னோர் ஒரு காலத்தில் போட்ட கணக்கே. மீண்டும் எண்ணிப் பார்ப்பது அதற்கு இழுக்காகாது.

8. தோலும் சொல்லும்

இக்கலை பலகையோடு நிற்பதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் காலணிக்குத் தோல் வெட்டும் தொழிலாளியின் மேசையைக் காணுங்கள். அவர் முன் விரியும் தோல் அவர் தேர்ந்ததன்று. முதுகுப் பகுதி இறுகியிருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்திருக்கும். விலங்கு வாழ்ந்த காலத்து முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த வடுவும் ஆங்காங்கே கிடக்கும். அது விழுந்த எண். காலணியின் முகப்புக்குரிய துண்டை எங்கே வைப்பது, மறைவில் அமையும் துண்டை எங்கே வைப்பது, இழுவை எத்திசையில் அமைய வேண்டும் என்பவை அவருடைய நகர்வுகள். ஒருமுறை வெட்டினால் மீட்க முடியாது. நல்ல இடத்தை எளிய துண்டுக்குச் செலவிட்டால், முகப்புக்கு வடுவே மிஞ்சும். கவைமனம் அம்மேசையிலும் உண்டு.

கவிஞரின் மேசையும் அத்தகையதே. கவியரங்கத் தலைப்பு பிறர் தருவது; ஈற்றடியும் சில வேளை பிறர் தருவது. முதலடியின் முதற்சொல் விழுந்துவிட்டால் எதுகை ஊழாய் வந்து நிற்கிறது. இவை எல்லாம் கட்டை. எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்பது மட்டுமே காய். வலிய சொல்லை முதலடியிலேயே ஓட்டிவிட்டு ஈற்றடியில் கையற்று நிற்பவர் உண்டு. காப்பான கட்டத்தை விட்டு அகலாமல், பலரும் ஏறி அமர்ந்த உவமையிலேயே அமர்ந்திருப்பவரும் உண்டு. முன்னவர் காலமறியாதவர், பின்னவர் பழமாகாமலே பலகையில் நிற்கும் காயை உடையவர்.

நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்கு வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில் ஒப்பிடுகிறார். கட்டம் வகுத்த பிறகே காய்க்கு இடம் உண்டு. கவிஞர் கற்கும் யாப்பும் மரபும் அக்கட்டங்கள். மரபை மீறிப் புதுக்கவிதை படைப்போரும் எதை மீறுகிறோம் என்று அறிந்தே மீற வேண்டும் என்பது இதனுள் அடங்கும்.

கைதட்டல் விழுவதும் விழாததும் கட்டையைச் சேர்ந்தவை. அவையின் களைப்பு, ஒலிபெருக்கியின் கோளாறு, முன்னே பாடியவரின் குரல் ஆகியவை அதனுள் கலந்திருக்கின்றன. கைதட்டல் பெற்ற வரி நல்ல நகர்வென்றோ, பெறாத வரி தவறான நகர்வென்றோ துணிந்துவிடலாகாது. வில்லாவின் ஆட்டத்தை அவரை வென்றவரே ஆராய்ந்து சான்றளித்தாற்போல, வரியை வரியாக எடுத்துவைத்து ஆராய்வதற்கு ஓர் இடம் வேண்டும். பரிசுக்குழு அவ்விடம் ஆகாது. இதழாசிரியருக்கு அதற்குப் பொழுதில்லை. திங்கள்தோறும் கூடும் இலக்கிய வட்டமே அதற்குரிய பொதியில்.

ஆதலின் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. கவிதை படிக்கப்பட்டதும் ‘நன்று’, ‘அன்று’ என்னும் தீர்ப்பை ஒரு நாழிகை ஒத்திவைத்து, ‘இச்சொல்லை வைப்பதற்கு முன் எச்சொற்களை எடைபோட்டீர்கள்? அவற்றை ஏன் விலக்கினீர்கள்?’ என்று அன்போடு வினவுங்கள். கவிஞரும் விலக்கிய சொற்களை ஏட்டிலிருந்து அழித்துவிடாமல் உடன் கொண்டுவாருங்கள். வல்லாடிய முதியவர்கள் காய் வைத்த இடத்தைத் தரை காட்டியது; விலக்கிய இடங்களை எதுவும் காட்டவில்லை. இளைய கவிஞர்க்கு அவ்விடங்களே பெரும்பாடமாக அமையும்.